தொழிலிடமே கல்விக்கூடம்

மலேசிய ரப்பர்த் தொழிலின் வரலாறு மலாக்காவோடு பிணைந்ததாகும். 1896ஆம் ஆண்டில் டான் சே யான் என்னும் மலாக்காச் செல்வந்தர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர்க் கன்றுகளை நட்டார். பின்னர் புக்கிட் ஆசஹானில் பெருமளவில் பயிரிட்டார். அவரை ஊக்குவித்தவர் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஹென்றி ரிட்லி. மரத்திற்குக் கேடின்றி, ஒரே வெட்டின் விளிம்பை மெல்லிதாகச் சீவிப் பால் எடுக்கும் முறையை ஆராய்ந்து கண்டவரும் அவரே. எனவே, கன்றுகள் வந்ததால் மட்டும் இத்தொழில் வளரவில்லை. பால் எடுக்கும் முறையைக் கற்றதாலும் கற்பித்ததாலுமே வளர்ந்தது.

கைத்திறனும் அறிவும்

பால்மரம் வெட்டுவது யாரும் செய்யக்கூடிய எளிய வேலை என்று எண்ணுவோர் உளர். உண்மை அதுவன்று. பால்குழாய்கள் பட்டையின் உட்பகுதியிலேயே செறிந்துள்ளன. அவற்றை அடுத்து மரத்தைப் பருக்கச் செய்யும் மெல்லிய உயிரடுக்கு உள்ளது. உளி போதிய ஆழம் செல்லாவிடில் பால் குறையும். சற்றே மீறினால் உயிரடுக்கு காயமுற்றுப் புதுப்பட்டை கரடுமுரடாக வளரும். பின்னாளில் அவ்விடத்தில் செம்மையாக வெட்ட இயலாது.

வெட்டு இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து செல்வது ஏன்? பால்குழாய்கள் செங்குத்தாக இல்லாமல் சற்றே சாய்ந்துள்ளமையால், அவ்வாறு வெட்டினால்தான் மிகுதியான குழாய்கள் திறக்கும். அதிகாலையில் வெட்டுவது ஏன்? வெயில் ஏறுமுன் மரத்தினுள் நீரழுத்தம் மிகுந்திருப்பதால் பால் நன்கு வடியும். 'எப்படி' என்பதோடு 'ஏன்' என்பதையும் அறிந்தவரே முழுத் தேர்ச்சி பெற்ற தொழிலாளி.

கற்பிக்கும் முறை

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் புதியவர்களை விரைந்து பழக்க நான்கு படிகள் வகுக்கப்பட்டன. முதலாவது, கற்பவரின் அச்சத்தைப் போக்கி, அவர் முன்பே அறிந்ததைக் கேட்டறிதல். இரண்டாவது, வேலையைப் பகுதி பகுதியாகச் செய்து காட்டி விளக்குதல். மூன்றாவது, அவரையே செய்யவிட்டு, செய்வதன் காரணத்தையும் சொல்லச் செய்தல். நான்காவது, தனியே பணியாற்ற விட்டு, அடிக்கடி சென்று கவனித்தல்.

இம்முறை தோட்டத்திற்கும் பொருந்தும். புதியவரை முதல் நாளே முழு நிரையில் விடாமல், மறுநடவுக்கு ஒதுக்கிய முதிய மரங்களில் பழக்குதல் நன்று. ஏசுவதால் கை நடுங்குமேயன்றித் திறன் வளராது.

சட்டம் தரும் வாய்ப்பு

2001ஆம் ஆண்டின் மனிதவள மேம்பாட்டு நிறுவனச் சட்டம், 10 அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளர்களைக் கொண்ட முதலாளிமார் மாதச் சம்பளத்தில் 1 விழுக்காட்டைப் பயிற்சி நிதிக்குச் செலுத்த வேண்டும் என விதிக்கின்றது. 2021ஆம் ஆண்டில் விவசாயத் துறையும் இதனுள் கொண்டுவரப்பட்டது. இத்தொகையைத் தொழிலாளரின் சம்பளத்திலிருந்து பிடித்தல் கூடாது. நிதியிலிருந்து பயிற்சிச் செலவைக் கோரிப் பெறுபவர் முதலாளியே. ஆதலால், எமக்கு என்ன பயிற்சி ஏற்பாடாகியுள்ளது என்று நிர்வாகத்திடம் நேரடியாகவோ தொழிற்சங்கத்தின் வழியாகவோ கேட்பதில் தவறில்லை.

பல ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. மலாக்காவும் இதற்கு விலக்கன்று. இருபது ஆண்டு அனுபவமுள்ளவர்கூட, எழுத்துச் சான்று இல்லாவிடில், புதிய இடத்தில் கற்றுக்குட்டியின் சம்பளத்திலேயே தொடங்க நேரிடும். 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் வழங்கப்படும் மலேசியத் திறன் சான்றிதழ் இக்குறையைப் போக்க வல்லது. பயிற்சிக் கூடத்தில் சேராதவரும், வேலையில் பெற்ற தேர்ச்சியை மெய்ப்பித்து இச்சான்றிதழைப் பெற வழியுண்டு. டிராக்டர் ஓட்டுதல், பட்டறை வேலை, ஆலை வேலை எனத் தம் தொழிலுக்குரிய சான்றிதழ் உண்டா என்பதைத் திறன் மேம்பாட்டுத் துறையிடம் கேட்டறியலாம்.

வேலை நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, பயிற்சிக்குச் சென்றதற்கான தாள், வேலை செய்யும் புகைப்படம் ஆகியவற்றை இன்றே ஓர் உறையில் சேர்த்து வைப்போமாக. தோட்டம் கைமாறலாம், பயிர் மாறலாம். கற்ற தொழிலும் அதற்கான சான்றும் நம்முடனேயே வரும்.