30 விநாடியில் இமிக்ரேஷன்! அடிக்கடி வெளிநாடு பறப்பவர்களுக்கு ஒரு வசதி... சில எச்சரிக்கைகள்!

நள்ளிரவு ஒரு மணி. சிங்கப்பூரிலிருந்து ஒன்று, துபாயிலிருந்து ஒன்று, கொழும்பிலிருந்து ஒன்று என அடுத்தடுத்து விமானங்கள் இறங்கினால் இமிக்ரேஷன் ஹால் எப்படி இருக்கும் என்பது அடிக்கடி பறப்பவர்களுக்குத் தெரியும். பாம்பு போல வளைந்து நெளியும் வரிசை. தோளில் தூங்கும் குழந்தை. 'வெளியே வந்துட்டீங்களா?' என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வரும் வாட்ஸ்அப் மெசேஜ்.

அதே ஹாலில், கொஞ்சம் ஓரமாக, கண்ணாடிக் கதவுகள் கொண்ட சில கேட்டுகள் இருக்கும். அங்கே ஒருவர் வருகிறார். பாஸ்போர்ட்டை வைக்கிறார், கைரேகை வைக்கிறார், கதவு திறக்கிறது, போய்விடுகிறார். 'இவர் யார், வி.ஐ.பி-யா?' என்று வரிசையில் நிற்பவர்கள் பார்ப்பார்கள்.

வி.ஐ.பி எல்லாம் இல்லை. முன்கூட்டியே பதிவு செய்து வைத்திருக்கும் சாதாரணப் பயணிதான். நீங்களும் பதிவு செய்யலாம். அதுவும் இலவசமாக!

என்ன திட்டம் இது?

'ஃபாஸ்ட் ட்ராக் இமிக்ரேஷன் - டிரஸ்டட் டிராவலர் புரோகிராம்' என்பது இதன் முழுப்பெயர். சுருக்கமாக எஃப்.டி.ஐ-டி.டி.பி. மத்திய உள்துறை அமைச்சகத்தின் திட்டம். நடைமுறைப்படுத்துவது குடியேற்றத் துறையான பீரோ ஆஃப் இமிக்ரேஷன்.

2024 ஜூன் 22 அன்று டெல்லி விமான நிலையத்தின் மூன்றாவது முனையத்தில் உள்துறை அமைச்சர் அமித் ஷா இதைத் தொடங்கிவைத்தார். 2025 ஜனவரி 16-ல் சென்னை, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத், கொச்சி, அகமதாபாத் ஆகிய ஏழு விமான நிலையங்களுக்கு வந்தது. 2025 செப்டம்பர் 11-ல் திருச்சி, திருவனந்தபுரம், கோழிக்கோடு, லக்னோ, அமிர்தசரஸ் ஆகிய ஐந்தும் சேர்ந்தன. நம் ஊர்க்காரர்கள் அதிகம் பயன்படுத்தும் சென்னை, திருச்சி இரண்டுமே பட்டியலில் இருக்கின்றன.

இந்தியக் குடிமக்களும், ஓ.சி.ஐ கார்டு வைத்திருக்கும் வெளிநாட்டுக் குடிமக்களும் பதிவு செய்யலாம். அதாவது, அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட உங்கள் மகள் ஓ.சி.ஐ கார்டு வைத்திருந்தால், அவரும் இந்த கேட் வழியாக வரலாம்.

30 விநாடிகளில் இமிக்ரேஷன் முடிந்துவிடும் என்பது அரசு சொல்லும் கணக்கு.

வரிசை எங்கே போனது?

இந்த யோசனை இந்தியாவில் பிறந்ததல்ல. அமெரிக்கா - மெக்சிகோ எல்லையில் தினமும் வேலைக்கும் பள்ளிக்கும் எல்லை தாண்டுபவர்கள் மணிக்கணக்கில் காரில் காத்துக் கிடந்தார்கள். 1995-ல் சான் டியாகோ அருகே ஓடே மேசா என்ற இடத்தில் 'சென்ட்ரி' என்ற திட்டம் வந்தது. முன்பே விசாரித்து அனுமதி கொடுக்கப்பட்டவர்களுக்கு மட்டும் தனிப்பாதை.

2000-ல் அமெரிக்கா - கனடா எல்லையில் 'நெக்ஸஸ்' முன்னோட்டமாகத் தொடங்கியது. இன்று டொரன்டோ பக்கம் வாழும் தமிழர்கள் பலர், பஃபலோவில் இருக்கும் உறவினர் வீட்டு விசேஷத்துக்கு காரிலேயே எல்லை தாண்டிப் போய்வருகிறார்கள். அவர்களிடம் 'நெக்ஸஸ் கார்டு இருக்கா?' என்று கேட்டால் உடனே புரியும்.

எல்லாத் திட்டங்களுக்கும் அடிப்படை ஒன்றுதான். கவுன்டரில் அதிகாரி உங்களை நிறுத்தி வைத்துப் பார்க்கும் சோதனையின் பெரும்பகுதியை, நீங்கள் வீட்டில் இருக்கும்போதே முடித்து வைத்துவிடுகிறார்கள். சோதனை ரத்தாவதில்லை, முன்கூட்டியே நடந்துவிடுகிறது. அவ்வளவுதான் வித்தியாசம். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால், கீழே வரும் விதிகள் எல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

பதிவு செய்வது எப்படி?

உள்துறை அமைச்சகத்தின் எஃப்.டி.ஐ-டி.டி.பி இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பாஸ்போர்ட் அளவு புகைப்படம், பாஸ்போர்ட்டின் முதல் மற்றும் கடைசிப் பக்கங்களின் ஸ்கேன், முகவரிச் சான்று ஆகியவை தேவை. ஓ.சி.ஐ-காரர்களுக்கு ஓ.சி.ஐ கார்டும் வேண்டும். பாஸ்போர்ட்டுக்குக் குறைந்தது ஆறு மாதமாவது ஆயுள் இருக்க வேண்டும்.

விண்ணப்பத்தைச் சரிபார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகு, கைரேகையும் முகப்பதிவும் எடுப்பார்கள். எஃப்.ஆர்.ஆர்.ஓ எனப்படும் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்திலோ, விமான நிலையத்திலோ இதைக் கொடுக்கலாம். இது முடிந்தால்தான் பதிவு முழுமையாகும். விண்ணப்பம் போட்டுவிட்டு, கைரேகை கொடுக்காமல் நேராக கேட் முன்னால் போய் நின்றால் கதவு திறக்காது.

பதிவு அதிகபட்சம் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். அதற்கு முன்பே பாஸ்போர்ட் காலாவதியானால், பதிவும் அன்றோடு முடிந்துவிடும். எனவே, பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும் நேரம் நெருங்கிவிட்டவர்கள், முதலில் அதை முடித்துவிட்டு இதற்கு விண்ணப்பிப்பது புத்திசாலித்தனம்.

கட்டணம் கிடையாது என்பதை மறக்க வேண்டாம். 'நாங்க போட்டுத் தர்றோம் சார், ஆயிரம் ரூபாதான்' என்று யாராவது சொன்னால், அது அவர்களுடைய கட்டணம், அரசுடையது அல்ல. பாஸ்போர்ட் நகலை முன்பின் தெரியாதவர்களிடம் கொடுப்பதில் இருக்கும் ஆபத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இனிஷியலும் கைரேகையும்

நம் ஊர்ப் பயணிகளுக்கென்றே இரண்டு சிக்கல்கள் உண்டு.

முதலாவது, பெயர். ஆதாரில் இனிஷியல் முன்னால், பான் கார்டில் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. இந்தக் கதை எல்லா வீட்டிலும் இருக்கிறது. விண்ணப்பத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்து பிசகாமல் நிரப்புங்கள். விமான டிக்கெட்டும் அதே பெயரில் இருக்கட்டும்.

இரண்டாவது, கைரேகை. ரேஷன் கடை மெஷினில் பாட்டியின் விரல் பதியாமல், துடைத்துத் துடைத்து வைத்துப் பார்ப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். வயதானவர்கள், கட்டட வேலை, சலவை வேலை செய்பவர்கள் ஆகியோருக்கு ரேகை தேய்ந்திருக்கும். கேட்டில் இதே பிரச்னை வந்தால் பதற்றப்பட வேண்டாம். பக்கத்தில் வழக்கமான கவுன்டர் இருக்கிறது. அங்கே போய்விடலாம்.

கேட்டில் என்ன செய்ய வேண்டும்?

முதலில் போர்டிங் பாஸை ஸ்கேன் செய்ய வேண்டும். அதிலிருந்துதான் உங்கள் விமான விவரத்தை கேட் எடுத்துக்கொள்கிறது. அடுத்து பாஸ்போர்ட். பிறகு, உங்கள் பயோமெட்ரிக் பதிவு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும். ஒத்துப்போனால் கதவு திறக்கும். இமிக்ரேஷன் முடிந்தது என்று அர்த்தம். கிளம்பும்போதும் திரும்பும்போதும் இதே முறைதான்.

ஒரு சின்ன டிப்ஸ்: விமானத்திலிருந்து இறங்கியதும் போர்டிங் பாஸைச் சீட்டுப் பையிலேயே விட்டுவிட்டு வரும் பழக்கம் பலருக்கு உண்டு. கையிலேயே வைத்திருங்கள்.

டிஜி யாத்ரா வேறு, இது வேறு!

'என்கிட்டதான் டிஜி யாத்ரா இருக்கே!' என்பவர்களுக்கு ஒரு விளக்கம். 2022 டிசம்பரில் தொடங்கிய டிஜி யாத்ரா, உள்நாட்டுப் பயணிகள் முகத்தைக் காட்டி விமான நிலையத்துக்குள்ளும், பாதுகாப்புச் சோதனைப் பகுதிக்கும், போர்டிங் கேட்டுக்கும் செல்வதற்கான செயலி. எஃப்.டி.ஐ-டி.டி.பி என்பது வெளிநாட்டுப் பயணத்தின் இமிக்ரேஷனுக்கு மட்டும். ஒன்றில் பதிவு செய்தால் இன்னொன்றில் பதிவானதாக ஆகாது.

அதேபோல, இது எல்லா வரிசைகளையும் ஒழித்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். செக்-இன் வரிசை உண்டு. பாதுகாப்புச் சோதனை உண்டு. பெட்டி வரும் பெல்ட் முன்னால் காத்திருப்பதும் உண்டு. 30 விநாடியில் இமிக்ரேஷனை முடித்தவரும், வரிசையில் வந்தவரும் பெல்ட் அருகே மீண்டும் சந்தித்துக்கொள்ள நேரலாம்! கைப்பையோடு மட்டும் பறப்பவர்களுக்குத்தான் இந்த வசதியின் முழுப் பலன்.

இன்னொன்று, இது இந்தியப் பக்கத்துக்கு மட்டுமே. சிங்கப்பூரில் இறங்கினால் அந்த நாட்டின் விதிதான். மூன்று நாள்களுக்குள் நிரப்ப வேண்டிய எஸ்.ஜி அரைவல் கார்டு, விசா எல்லாம் வழக்கம்போலத் தேவை. அமெரிக்காவுக்கு அடிக்கடி செல்பவர்களுக்கு அந்த நாட்டின் 'குளோபல் என்ட்ரி' தனியாக இருக்கிறது. இந்தியக் குடிமக்களும் 2017 முதல் சேரலாம். 2024 அக்டோபர் முதல் அதன் கட்டணம் 120 டாலர். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலும் பணம் திரும்ப வராது. நேர்காணல் உண்டு, இந்தியாவில் போலீஸ் சரிபார்ப்பும் உண்டு.

ஒரு ஆப்பிளின் விலை 500 டாலர்

'நம்பகமான பயணி' என்று பெயர் வாங்குவது எளிது. காப்பாற்றுவதில்தான் கவனம் வேண்டும்.

2018-ல் பாரிஸிலிருந்து அமெரிக்கா திரும்பிய ஒரு பெண்ணுக்கு நடந்தது இது. விமானத்தில் சாப்பிடக் கொடுத்த ஆப்பிளை, 'அப்புறம் சாப்பிடலாம்' என்று பையில் போட்டுக்கொண்டார். மினியாபொலிஸில் சுங்கச் சோதனையில் ஆப்பிள் வெளியே வந்தது. பழம் கொண்டுவருவதை அவர் அறிவிக்கவில்லை. அபராதம் 500 டாலர்! அதைவிட அவரை அதிகம் கவலைப்பட வைத்தது, கையிலிருந்த குளோபல் என்ட்ரி பறிபோகுமோ என்பதுதான். விமான நிறுவனமே கொடுத்த பழமாக இருந்தாலும், பயணிதான் அறிவித்திருக்க வேண்டும் என்பது அதிகாரிகளின் நிலைப்பாடு.

ஊறுகாய், கருவாடு, கறிவேப்பிலை, அம்மா கட்டிக் கொடுத்த பொடி என்று பெட்டியை நிரப்பும் நமக்கு இது முக்கியமான பாடம். அமெரிக்க, கனடியத் திட்டங்களில் அறிவிக்காத உணவுப்பொருள் சிக்கினால், அபராதத்தோடு அட்டையும் ரத்தாகலாம். சந்தேகம் இருந்தால் அறிவித்துவிடுவதே பாதுகாப்பு. அறிவித்த பொருள் அனுமதிக்கப்படாவிட்டால், பொருள்தான் போகும்.

இந்தியாவிலும் இ-கேட் வழியாக வந்ததால் சுங்கத்தில் சலுகை எதுவும் கிடையாது. ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்துத் திரும்பும் பெண்களுக்கு 40 கிராம், ஆண்களுக்கு 20 கிராம் நகைவரைதான் வரிச் சலுகை. அதற்கு மேல் இருந்தால் அறிவித்து, வரி கட்டியே ஆக வேண்டும்.

நம் ஊரில் 'குருவி' என்றொரு சொல் உண்டு. சென்னை, திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கும் கொழும்புக்கும் மாதத்துக்குப் பல முறை பறந்து, அடுத்தவர் பொருளைச் சுமந்து வருபவர்கள். அடிக்கடி பறப்பதால் மட்டும் ஒருவர் 'நம்பகமான பயணி' ஆகிவிட மாட்டார் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. 'தம்பி, இந்தப் பார்சலை மட்டும் ஊர்ல கொடுத்துடுங்களேன்' என்று விமான நிலையத்தில் யாராவது கெஞ்சினால், எவ்வளவு இரக்கம் வந்தாலும் வாங்காதீர்கள். மாட்டினால், 'அது என்னுடையது இல்லை' என்பது பதிலாகாது.

குடும்பத்தோடு போனால்?

பதிவு ஒவ்வொருவருக்கும் தனித்தனி. அப்பாவுக்கு மட்டும் இருந்து, அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் இல்லையென்றால், அப்பா 30 விநாடியில் அந்தப் பக்கம் போய், மற்றவர்களுக்காகக் காத்திருக்க வேண்டியதுதான். நெக்ஸஸில் இது இன்னும் கறார்: காரில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் கார்டு இருந்தால்தான் தனிப்பாதையில் போக முடியும். ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பின் சீட்டில் இருந்தால், சாதாரண வரிசைதான்.

அப்படியானால், யாருக்கு வேண்டும்?

மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றுலா போகிறவர்களுக்கு இது அவசியமில்லை. வேலைக்காக மாதம் ஒருமுறை பறப்பவர்கள், வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் வயதான பெற்றோரைப் பார்க்க வருடத்துக்கு இரண்டு மூன்று முறை வருபவர்கள் ஆகியோருக்குக் கண்டிப்பாகப் பயன்படும்.

கைரேகையையும் முகத்தையும் இன்னொரு அரசுத் தரவுத்தளத்தில் கொடுக்கிறோம் என்பதையும் யோசித்தே முடிவெடுங்கள். பாஸ்வேர்டு திருடுபோனால் மாற்றலாம். விரலை மாற்ற முடியாது. இது கட்டாயமில்லாத திட்டம். வேண்டாம் என்று நினைப்பவர்களுக்குப் பழைய கவுன்டர் இருக்கவே இருக்கிறது.

வேண்டும் என்று முடிவெடுத்தால், ஊருக்கு வருவதற்கான தேதி குறிக்கும்வரை காத்திருக்காதீர்கள். சரிபார்ப்பு, ஒப்புதல், கைரேகை என்று இதற்கும் நாள் பிடிக்கும். 'அப்பாவை ஐ.சி.யூ-ல சேர்த்திருக்கோம்' என்று நள்ளிரவில் போன் வந்து, கிடைத்த விமானத்தில் ஏறி வரும் நாளில்தான் அந்தக் கேட்டின் அருமை தெரியும். அன்றைக்கு விண்ணப்பித்தால் அன்றைக்கே கிடைக்காது. பாஸ்போர்ட் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அரை மணி நேரம் ஒதுக்கி விண்ணப்பத்தைப் போட்டு வையுங்கள்!