பச்சைத் தண்ணியைக் காய்ச்சினா போதுமா?



போன கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டாங்க: "ஏரித் தண்ணி பெயிண்டு ஊத்தின மாதிரி பச்சையா கிடக்கே, காய்ச்சிக் குடிச்சா சரியாயிடும்ல?" சரியாகாது.

அது நீலப்பச்சைப் பாசி. சூடான, அசையாத தண்ணியில் வேகமாகப் பெருகும். வயலில் போட்ட யூரியாவும் டி.ஏ.பி.யும் சாக்கடையும் அதுக்குத் தீனி. பருவநிலை மாறி வெயில் கூடும்போது ஏரியும் சூடாகிறது. மழையோ நாலே நாளில் கொட்டி, வயல் உரத்தை ஏரிக்கு இழுத்து வருகிறது; பிறகு நீண்ட வறட்சி. பாசிக்குக் கொண்டாட்டம்தான்! சூடான தண்ணியில் பிராணவாயு குறைவாகவே கரையும். இரவில் பாசியும் அதை இழுத்துக்கொள்வதால் விடியும்போது மீன் செத்து மிதக்கும்.

இதில் சில வகை விஷம் கக்கும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், இந்த விஷம் போகாது. தண்ணி சுண்டச் சுண்ட இன்னும் கெட்டியாகும். அமெரிக்காவில் ஈரி என்ற பெரிய ஏரித் தண்ணியைக் குடிக்கிற ஊர் டொலிடோ. அங்கே 2014 ஆகஸ்டில் சுமார் நாலு லட்சம் பேருக்கு, "குழாய்த் தண்ணியைக் குடிக்காதீங்க, காய்ச்சவும் காய்ச்சாதீங்க" என்று அறிவித்தார்கள். சுத்திகரிப்பு நிலையம் உள்ள ஊருக்கே அந்தக் கதி.

இந்தத் தண்ணியைக் குடித்தால் மாடும் சாகும். கடன் வாங்கிப் பிடிச்ச கறவை மாட்டை அங்கே விடாதீங்க; பிள்ளைகளையும் குளிக்க விடாதீங்க. எல்லாப் பச்சையும் இது இல்லை. நீளக் குச்சியால் எடுத்துப் பாருங்க: நூலாகத் தொங்கினால் வேற பாசி. பெயிண்டு மாதிரி குச்சியில் ஒட்டினால், குழுவாகப் போய் ஊராட்சியில் மனு கொடுத்துத் தண்ணியைப் பரிசோதிக்கச் சொல்லுங்க.