பூச்செடிகளில் வேர் அழுகலும் தண்டு அழுகலும்

பழனியிலிருந்து உடுமலைப்பேட்டைக்குச் செல்லும் வழியிலுள்ள நெய்க்காரப்பட்டியையும் அதனைச் சூழ்ந்த கிராமங்களையும் சேர்ந்த குடியானவர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் மழை ஜீவாதாரமானது. எனினும் பூந்தோட்டம் வைத்திருப்போருக்கு அம்மழையே சில சமயம் நஷ்டத்தைக் கொண்டுவருகிறது. தைப்பூசத்துக்குப் பழனியில் யாத்திரிகர்கள் திரளும்போது பூவுக்குக் கிராக்கி மிகுதி. அப்போது பறிக்கவேண்டிய செடிகள் அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னரே அடி அழுகி வீழ்ந்துவிட்டால், நாற்று, எரு, ஆட்கூலி யாவும் வீணாகும்.

வியாதியின் குறிகள்

செவ்வந்தி, செண்டுமல்லி, நித்தியகல்யாணி முதலிய செடிகள் நிலம் ஈரமாயிருக்கும்போதே நடுப்பகலில் வாடித் தோன்றும். மண்மட்டத்தில் தண்டு நீர் ஊறினாற்போல் கறுத்து மெலியும். நாற்றங்காலில் இளநாற்றுக்கள் திட்டுத் திட்டாகச் சாய்ந்து மடியும். செடி வாடுவதைக் கண்டதும் தண்ணீர் போதவில்லையென்று எண்ணி மேலும் பாய்ச்சுவதே பெரும்பாலோர் செய்யும் பிழை. அங்ஙனம் பாய்ச்சும் ஒவ்வொரு தண்ணீரும் வியாதிக்கு உதவி செய்வதாகும்.

ஆகையால் முதலில் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்க்கவேண்டும். நல்ல வேர் வெண்மையாகவும் உறுதியாகவும் இருக்கும். நோயுற்ற வேர் பழுப்பேறியிருக்கும். அதனை விரலால் இழுத்தால் மேற்பட்டை உறைபோலக் கழன்று, உள்நரம்பு மாத்திரம் நூல்போல் நிற்கும்.

காரணம்

இதற்குக் காரணமானவை பித்தியம், பைட்டோப்தோரா என்னும் நுண்ணுயிர்கள். பார்வைக்குப் பூசணத்தை ஒத்திருப்பினும் இவை உண்மையான பூசணங்கள் அல்ல. பாசி வகைகளுள் சிலவற்றுக்கு நெருங்கிய உறவுடைய நீர்ப்பூசணங்கள் ஆகும். மண்ணில் நீர் தேங்கியவுடன் இவற்றின் வித்துக்கள் இரு நுண்ணிய இழைகளை அசைத்து நீந்திச் சென்று, வேரிலிருந்து கசியும் பொருள்களை நாடி அதனைப் பற்றுகின்றன. ஓடும் நீரில் அடித்துச் செல்லப்பட்டு ஒரு பாத்தியிலிருந்து மறு பாத்திக்கும், ஒருவர் நிலத்திலிருந்து அடுத்தவர் நிலத்துக்கும் செல்கின்றன. நீர் வற்றியபின் தடித்த தோலுடைய வித்துக்களாக மண்ணில் நெடுநாள் உறங்கியிருக்கும்.

இவை ஒரே பயிரோடு நிற்பனவல்ல. 1913-ம் வருஷத்தில் பீஹாரிலுள்ள பூசாவில் தஸ்தூர் என்னும் விஞ்ஞானி ஆமணக்கில் கண்டு விவரித்த பைட்டோப்தோராவும், 1896-ல் ஜாவாவில் புகையிலையில் விவரிக்கப்பட்டதும் ஒரே இனமென்று பின்னர் கொள்ளப்பட்டது. கொடிக்கால்காரர்கள் நன்கறிந்த வெற்றிலை வாடலிலும், நித்தியகல்யாணியின் தண்டு அழுகலிலும் இவ்வினம் காணப்படுகிறது. எனவே கொடிக்கால் அழிந்த நிலத்தில் உடனே பூச்செடி வைப்பது உசிதமன்று.

தடுக்கும் முறைகள்

மருந்தைக் காட்டிலும் வடிகாலே முக்கியமானது. மேட்டுப்பாத்தி அமைத்து அதன்மேல் நடவேண்டும். மழைக்கு முன்பே வடிகால்களை வெட்டிச் சுத்தம் செய்யவேண்டும். நோயுற்ற பாத்தியின் வழியாக மற்றப் பாத்திகளுக்கு நீர் பாய்ச்சலாகாது. அதற்குக் கடைசியில் தனியே பாய்ச்சவேண்டும். நோயுற்ற செடிகளை வேரோடு எடுத்து எரித்துவிடவேண்டும். வாய்க்காலில் எறிவது அயலாருக்குத் தீங்கு செய்வதாகும். மண்வெட்டியை அப்பாத்தியில் உபயோகித்தபின் கழுவுதல் அவசியம்.

நாற்றங்கால் மண்ணைச் சித்திரை, வைகாசியில் நனைத்து, நிறமற்ற பாலிதீன் தாளால் நான்கு முதல் ஆறு வாரம் மூடிவைத்தால், வெயிலின் உஷ்ணத்தால் வித்துக்கள் பெரும்பாலும் அழியும். எக்டேருக்கு 2.5 கிலோ டிரைக்கோடெர்மா விரிடியை 50 கிலோ மக்கிய எருவுடன் கலந்து இடுவதும் நன்மை தரும்.

நோய் கண்டவிடத்துப் போர்டோக் கலவையைச் செடியின் அடியில் ஊற்றலாம். ஒரு சதவீதக் கலவைக்கு 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு, 100 லிட்டர் நீர் தேவை. இரண்டையும் மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரங்களில் தனித்தனியே கரைத்து, துத்தநீரைச் சுண்ணாம்பு நீரில் ஊற்றிக் கலக்கவேண்டும். துலக்கிய கத்தியை அதில் தோய்த்தால் செம்புநிறம் படியுமாயின், இன்னும் சுண்ணாம்பு சேர்க்கவேண்டும். கலந்த அன்றே உபயோகித்துவிடவேண்டும். டிரைக்கோடெர்மா இட்ட மண்ணில் உடனே இதனை ஊற்றினால் அந்த நற்பூசணமும் மடிந்துவிடும். சாதாரணப் பூசணங்களுக்கு வழங்கும் கார்பெண்டாசிம் இந்நீர்ப்பூசணங்களை அடக்காது. அதற்குச் செலவிடும் பணம் வீணே.

ஒருவர் மாத்திரம் ஜாக்கிரதையாயிருப்பது போதாது. பொது வாய்க்கால்களும் வடிகால்களும் மழைக்கு முன் தூர் எடுக்கப்படுமாறு கிராம அதிகாரிகளும் நிலச்சொந்தக்காரர்களும் சேர்ந்து ஏற்பாடு செய்தல் வேண்டும். மேல்மடையில் நோயை அடக்கினால் கீழ்மடையின் பூந்தோட்டமும் பிழைக்கும்.