யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடும். குடிப்பதற்கும் தோட்டத்துக்கும் மக்கள் காலங்காலமாக நம்பியிருப்பது கிணறுகளையே.

ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை, நிலத்தடியிலுள்ள சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் இறங்கித் தேங்குகிறது. கடலும் கடனீரேரிகளும் சூழ்ந்திருப்பதால் அதே கல்லினுள் உவர்நீரும் உண்டு. அடர்த்தி குறைந்த நன்னீர் அதன்மேல் வில்லை போல மிதக்கிறது. நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் உயர்ந்திருந்தால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம்வரை நன்னீர் இருக்கலாம் என்பது பொதுவான கணக்கு. இக்கணக்கு மறுபுறமும் பொருந்தும். அளவுக்கு மீறி இறைத்து நீர்மட்டம் அரை மீட்டர் தாழ்ந்தால், காலப்போக்கில் உவர்நீர் 20 மீட்டர்வரை மேலேற இடமுண்டு. புத்தூருக்கு அருகிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பது இவ்வமைப்புக்கு நல்ல சான்று.

துலா மிதித்து இறைத்த காலத்தில் மனித உழைப்பே இறைப்புக்கு எல்லையாக இருந்தது. நீரிறைக்கும் இயந்திரம் அந்த எல்லையை நீக்கிவிட்டது.

உவர் ஏறினால் நாக்கு அறியும், நைத்திரேற்றை அறியாது. வெங்காயம், மிளகாய், புகையிலைத் தோட்டங்களுக்கு மிகையாக இடப்படும் பசளையும், கிணற்றுக்கு அருகே வெட்டப்படும் மலசலகூடக் குழிகளின் கழிவும் வெடிப்புகள் வழியே விரைவாக நீரைச் சேர்கின்றன. குடிநீரில் நைத்திரேற்று லீட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். மிகுந்தால் கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் திறன் குறைந்து, உடல் நீலம் பாயும். நீரைக் கொதிக்கவைப்பதால் கிருமிகள் அழியும். ஆனால் நைத்திரேற்று நீங்காது, நீர் ஆவியாக வற்றும்போது அதன் செறிவு கூடவே செய்யும். ஆகவே இத்தகைய கிணற்று நீர், கொதித்தாறியதாயினும், குழந்தைக்குப் பால்மா கரைக்க ஏற்றதன்று.