ஐதராபாத் சத்துக் கலவை

மெலிந்த குழந்தையைத் தேற்ற விலையுயர்ந்த டப்பா உணவே வேண்டும் என்று பலர் எண்ணுகின்றனர். ஊர்க் கடையில் கிடைக்கும் நான்கு பொருள்களே பெரும் பயன் தரும் என்பதற்கு ஐதராபாத் கலவை சான்றாகும்.

1918-ல் குன்னூரில் மக்காரிசன் தொடங்கிய சிறு ஆய்வுப் பிரிவு, 1958-ல் ஐதராபாத்துக்கு மாறி, 1969-ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப் பெயர் பெற்றது. இக்கலவை அங்கு உருவானதாகும்.

வறுத்த கோதுமை 40 கிராம், பொட்டுக்கடலை 16 கிராம், வறுத்த வேர்க்கடலை 10 கிராம், வெல்லம் 20 கிராம் ஆகியவற்றைப் பொடித்துக் கலக்க வேண்டும். இந்த 86 கிராமில் சுமார் 330 கலோரியும் 11 கிராம் புரதமும் உள்ளன.

கோதுமைப் புரதத்தில் லைசின் குறைவு. கடலையில் அது மிகுதி. கடலையில் குறைவான மெத்தியோனினைக் கோதுமை ஈடுசெய்கிறது. குழந்தையின் வயிறு சிறியது. நீர்த்த கஞ்சி வயிற்றை நிரப்புமேயன்றிப் போதிய சக்தி தராது. வேர்க்கடலையின் எண்ணெய்ச் சத்தோ சிறு அளவிலேயே மிகுந்த சக்தி அளிக்கிறது.

ஈரம்பட்ட வேர்க்கடலையில் வளரும் பூஞ்சணம் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்கும். வறுத்தாலும் அது முற்றிலும் அழிவதில்லை. ஆகவே, பூஞ்சணம் பிடித்த பருப்பை விலக்குதல் அவசியம்.

வைட்டமின் ஏ, சி ஆகியவற்றுக்குக் கீரையும் பழமும் சேர வேண்டும். கடுமையாக மெலிந்த குழந்தைக்கு மருத்துவ உதவி இன்றியமையாதது.