முதல் பலகை: எடை பார்த்து வாங்கு
குறைந்த பணத்தில் ஸ்கிம்போர்டு வாங்கும் புதியவர்கள் முதலில் பார்ப்பது வண்ணத்தை. பார்க்க வேண்டியது கடற்கரையையும் தன் எடையையும்.

கலிபோர்னியாவின் லகுனா கடற்கரை. கரையேறிய அலை பின்வாங்குகிறது. ஈர மணலின் மேல் மெல்லிய நீர்ப்படலம். பலகையுடன் ஓடிவரும் இளைஞன் அதைத் தட்டையாக நீரில் விடுகிறான். ஓட்டம் குறையாமல் அதில் ஏறி, எதிரே வரும் அலையை நோக்கிச் சறுக்குகிறான்.

இதுதான் ஸ்கிம்போர்டிங். சர்ஃபிங் செய்பவர் கடலுக்குள் போய் அலைக்காகக் காத்திருக்கிறார். இவர்களோ கரையிலிருந்தே அலையைத் தேடி ஓடுகிறார்கள். 1920களில் லகுனாவின் உயிர்காப்பாளர்கள் மரப்பலகையில் ஆரம்பித்த பொழுதுபோக்கு இது. 1976இல் டெக்ஸ் ஹெய்ன்ஸும் பீட்டர் பிரியெட்டோவும் அங்கு விக்டோரியா ஸ்கிம்போர்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய பிறகு தொழிலாகவும் வளர்ந்தது.

புதிதாக வருபவர்களில் பலர் மாணவர்கள். கையிருப்பு குறைவு. தவறான பலகையை வாங்கினால் பணம் மட்டுமல்ல, ஆசையும் போய்விடுகிறது.

முதல் கேள்வி: எங்கே சறுக்கப் போகிறீர்கள்? கரை சமதளமாக, நீர் ஆழமின்றிப் பரவும் இடம் என்றால் மரப்பலகை போதும். பல அடுக்கு மரத்தை ஒட்டி, மேலே பூச்சு கொடுத்துச் செய்யப்படும் இது 100 டாலருக்குள்ளேயே கிடைக்கும். ஆனால் கனமானது, அலையில் மிதக்கும் திறன் குறைவு. லகுனாவைப் போலச் சரிவான கரையில், கரையருகே உடையும் அலைகளைப் பிடிக்க வேண்டுமானால் நடுவில் ஃபோம், வெளியே ஃபைபர் கிளாஸ் கொண்ட பலகை தேவை. விலை இரண்டு, மூன்று மடங்கு. கார்பன் ஃபைபர் இன்னும் அதிகம். புதியவருக்கு அது அவசியமே இல்லை.

இரண்டாவது, எடை. தயாரிப்பாளர்கள் தரும் அளவுப் பட்டியல்கள் பெரும்பாலும் உடல் எடையை வைத்தே அமைந்தவை. பலகை சிறிதாக இருந்தால் ஏறியவுடன் அமிழ்ந்து வேகம் செத்துவிடும். இரண்டு அளவுகளுக்கு நடுவே தடுமாறினால் பெரியதை எடுப்பதே நல்லது. திருப்புவது சற்றுக் கடினம்தான். ஆனால் நெடுந்தூரம் சறுக்கும். கற்பவருக்கு வேண்டியதும் அதுதான்.

பணம் போதவில்லையா? மலிவான பொம்மைப் பலகையைவிட, ஒருவர் பயன்படுத்திய நல்ல ஃபைபர் கிளாஸ் பலகை மேல். வாங்கும்முன் மேற்பரப்பு முழுவதையும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். எங்காவது மெத்தென்று அமுங்கினால் உள்ளே ஃபோமிலிருந்து மேல் அடுக்கு பிரிந்துவிட்டது என்று அர்த்தம். விட்டுவிடுங்கள். பழுப்புக் கறையும் அளவுக்கு மீறிய கனமும் உள்ளே நீர் புகுந்ததன் அறிகுறிகள். மேல்பூச்சில் கீறல்கள் இருந்தால் பாதகமில்லை. ஓரத்தில் சிறு உடைசல் இருந்தால், நன்றாக உலரவிட்டு ரெசின் பூசி அடைத்துவிடலாம்.

வாங்கிய பலகையை வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவைக்கக் கூடாது. சூட்டில் அடுக்குகள் பிரியும். கால் வழுக்காமலிருக்க ஒட்டப்படும் ரப்பர் விரிப்பைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். தொடக்கத்துக்குச் சில டாலர் மெழுகே போதும்.

இன்னொன்று: ஆழமற்ற நீரில் விழுந்தால் தாங்குவது மணல்தான். முதலில் கணுக்காலளவு நீரில், அலையில்லாத இடத்தில் பழகுங்கள். மரப்பலகையோ ஃபைபர் கிளாஸோ, ஓட்டம் குறையாமல் ஏறப் பழகிய பிறகுதான் அலைப் பக்கம் போக வேண்டும்.