பூஞ்செடியின் விளக்கை மாற்றும் காலம்

பண்டாரவளையிலிருந்து வெலிமடைக்குச் செல்லும் பாதையில் நள்ளிரவு வேளையிற் பயணஞ்செய்வோர் சில இடங்களில் ஒரு காட்சியைக் காணக்கூடும். மரக்கறித் தோட்டங்களின் நடுவே பொலித்தீன் கூடாரமொன்று தனித்து ஒளிர்ந்துகொண்டிருக்கும். உள்ளே வேலை செய்வார் ஒருவரும் இரார். ஊரே உறங்கும் அவ்வேளையில் விளக்கு எரிவது மனிதருக்காக அன்று, செவ்வந்திச் செடிகளுக்காக. பூ விரைவில் மலர்வதற்கென விளக்கு வைத்திருக்கிறார்கள் என்று காண்போர் எண்ணுவது இயல்பு. உண்மை அதற்கு நேர்மாறானது. பூ உடனே மலர்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே அவ்விளக்கு எரிகின்றது.

கூடாரத்திலோ வீட்டினுள்ளோ பூஞ்செடி வளர்ப்போர், விளக்கை எப்பொழுது மாற்றுவது, பழையதை விட்டுப் புதியதை எப்பொழுது வாங்குவது என்று வினவுவதுண்டு. இவ்வினாவுக்கு விடை காணுமுன் விளக்கு செடிக்கு எப்பணியைச் செய்கின்றது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். ஒளி செடிக்கு உணவாக்கும் ஆற்றலாகவும் வருகின்றது. காலத்தை அறிவிக்கும் செய்தியாகவும் வருகின்றது. உணவுக்கு நிறைந்த ஒளி வேண்டும். செய்திக்குச் சிற்றொளியே போதும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதனாலேயே வீண்செலவு செய்வோரும், பூவை இழப்போரும் உளராகின்றனர்.

ஒளி செய்தியாகவும் பயன்படுகின்றது என்பதைத் தெளிவாக்கியவர்கள் ஐக்கிய அமெரிக்க விவசாயத் திணைக்களத்தைச் சேர்ந்த கார்னர், அலார்ட் என்னும் இருவர். மேரிலாந்து மம்மத் என்ற புகையிலை வகை கோடை முழுவதும் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்தும் பூக்காமல் நின்றது. அதே வகை மாரிக்காலத்திற் கண்ணாடி வீட்டினுள் குட்டையாக நின்றே பூத்தது. வெப்பம், உரம், நீர் ஆகிய எவையும் இதற்குக் காரணமாகவில்லை. கோடையிலே செடிகளைப் பிற்பகலில் இருட்டறைக்குள் வைத்துப் பகலைச் சுருக்கியதும் அவை பூத்தன. 1920ஆம் ஆண்டில் அவ்வாராய்ச்சி வெளியாயிற்று. பின்னர் 1938இல் ஹாம்னர், பொனர் என்போர் மருளூமத்தை இனச் செடியைக்கொண்டு மற்றுமோர் உண்மையைக் காட்டினர். செடி உண்மையில் அளந்துகொள்வது பகலையன்று, இடையறாத இருளை. நீண்ட இரவின் நடுவே சிறிது நேரம் ஒளி பட்டாலும் அவ்விரவு செடியின் கணக்கில் நீண்ட இரவாகச் சேர்வதில்லை.

ஊவாவின் நிலை இங்கேதான் தனித்து நிற்கின்றது. பதுளை வட அகலாங்கு ஏறத்தாழ 7 பாகையில் உள்ளது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே இங்கு வேறுபாடு ஏறத்தாழ 50 நிமிடமே. மிக நீண்ட பகலும் பன்னிரண்டரை மணியளவினதாகவே இருக்கும். செவ்வந்தியோ நீண்ட இரவு கிடைத்தவுடன் மொட்டுக் கட்டும் செடி. ஐரோப்பாவில் அதற்குக் கோடை என்றொரு வளர்ச்சிக்காலம் தானாகவே அமைகின்றது. ஊவாவிலோ நட்ட நாள் முதலாகவே இரவு அதனைப் பூக்கும்படி தூண்டிக்கொண்டிருக்கும். காம்பு ஒரு சாண் வளருமுன் மொட்டு வந்துவிட்டால் அப்பூவைச் சந்தையில் யார் வாங்குவார்? அதனால் நட்டபின் ஏறத்தாழ நான்கு கிழமைகளுக்கு நள்ளிரவையொட்டி நான்கு மணி நேரம் விளக்கெரித்து இருளை இரண்டாக வெட்டுகின்றார்கள். காம்பு வேண்டிய அளவு நீண்டதும் விளக்கை நிறுத்திவிடுவார்கள். அதன்பின் வகைக்கேற்ப எட்டுப் பத்துக் கிழமைகளிற் பூ வெட்டுக்கு ஆயத்தமாகும். வெசாக்குக்கோ, தீபாவளிக்கோ, தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கோ பூ வேண்டுமாயின் நாளைப் பின்னோக்கி எண்ணியே நடவு நடைபெறும். இடையில் விளக்கு பிழைத்தால் அக்கணக்கு முழுவதும் பிழைத்துவிடும்.

இவ்விரவு விளக்கு செய்திக்காகவே எரிவது. செடியின் உச்சியில் ஏறத்தாழ 100 லக்ஸ் ஒளி விழுந்தாற் போதும். நண்பகல் வெயிலோ ஒரு இலட்சம் லக்ஸை எட்டக்கூடியது. ஆகவே பெரிய வளர்ப்பு விளக்கு வாங்கிக் கூடாரத்தில் தொங்கவிடுவது, தெருவில் வழிகேட்டவனுக்கு விருந்து சமைத்துப் போடுவது போன்றதே.

ஆனால் பழைய இழை மின்குமிழை இன்னும் வைத்திருப்போர் அதனை மாற்றக் காலந்தாழ்த்தல் ஆகாது. அது உட்கொள்ளும் மின்னிற் பெரும்பகுதி வெப்பமாகவே கழிகின்றது. 100 வாற்றுக் குமிழ் பத்து, இரவுக்கு நான்கு மணி வீதம் முப்பது இரவு எரிந்தால் 120 அலகு செலவாகும். 12 வாற்று எல்.ஈ.டி. குமிழ் பத்து அதே நேரம் எரிந்தால் 14 அலகுக்குச் சற்று மேல். 2022 ஓகஸ்ற் மாதத்தில் மின்கட்டணம் சராசரி நூற்றுக்கு 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் உயர்த்தப்பட்டபொழுது இவ்வேறுபாடு சிறு பயிர்ச்செய்கையாளரின் இலாப நட்டத்தையே தீர்மானிக்கும் நிலை வந்தது. பின்னர்க் கட்டணம் ஓரளவு குறைக்கப்பட்டபோதிலும் கணக்கு மாறவில்லை.

மாற்றும்பொழுது நிறத்தைக் கவனிக்க வேண்டும். இருளை அளக்கும் பணியைச் செய்வது பைற்றோகுரோம் என்னும் நிறமி. போர்த்விக், ஹென்றிக்ஸ் முதலியோர் 1952இல் வெளியிட்ட ஆராய்ச்சி அதன் இயல்பை விளக்கியது. அந்நிறமி சிவப்பொளிக்கே சிறப்பாக இணங்குகின்றது. இழை மின்குமிழில் சிவப்பு இயல்பாகவே மிகுதி. நீலஞ்சார்ந்த வெண்மை ஒளிதரும் எல்.ஈ.டி. குமிழ்களில் அது குறைவு. கண்ணுக்கு மிகப் பளிச்சென்று தோன்றும் குமிழே செடிக்குச் சிறந்தது என்று கொள்வது தவறு. பெட்டியில் 6500 கெல்வின் என்றிருப்பதை விட்டு 2700 அல்லது 3000 கெல்வின் என்றிருப்பதைத் தேர்தல் நலம். இன்னொன்று: இழை மின்குமிழ் நாற்புறமும் ஒளி வீசியது. எல்.ஈ.டி. குமிழ்கள் பல பெரும்பாலும் கீழ்நோக்கியே வீசுகின்றன. பழைய குமிழ் இருந்த இடைவெளியிலேயே புதியதை மாட்டினால் இரு குமிழ்களுக்கு நடுவிலும் பாத்தியின் ஓரத்திலும் ஒளி குன்றக்கூடும். அங்குள்ள செடிகள் மட்டும் முந்திக்கொண்டு மொட்டு வைத்தால் அதுவே அறிகுறி. எனவே முதற்போகத்தில் ஒரு பாத்திக்கு மட்டும் புதியதை இட்டுப் பார்த்துவிட்டு, மற்றவற்றை மாற்றுவதே அறிவுடைமை.

இனி, உணவுக்காக எரியும் விளக்கைப் பார்ப்போம். நகரத்து வீடுகளின் உள்ளறையிலும், பழைய தோட்ட லயங்களின் சிறிய சன்னலோரத்திலும் பிகோனியா, ஆபிரிக்க வயலட் முதலிய செடிகளைச் சட்டியிலும் தகரத்திலும் வளர்ப்போர் உண்டு. மழையும் மூட்டமும் கூடிய நவம்பர் முதல் ஜனவரி வரையான மாதங்களில் அச்செடிகள் பூப்பதை நிறுத்திவிடுவது பலர் கண்டது. இங்கு விளக்கு சூரியனுக்குத் துணையாக நின்று ஆற்றல் தரவேண்டும். கூடாரத்து 100 லக்ஸ் இங்கு ஒன்றுக்கும் உதவாது. ஆபிரிக்க வயலட் நன்கு பூக்கப் பல்லாயிரம் லக்ஸ் ஒளி நாள்தோறும் பன்னிரண்டு மணியளவு வேண்டும்.

மனிதக் கண் இவ்விடத்தில் நம்பத்தக்க சாட்சியன்று. ஒளி குறையக் குறையக் கண்ணின் பாவை விரிந்து குறையை மறைத்துவிடும். சன்னலருகிலிருந்து அறையின் மூலைக்குச் சென்றால் ஒளி பத்திலொரு பங்காகக் குறைந்திருக்கலாம். கண்ணுக்கோ சிறிது மங்கலாகவே தோன்றும். விளக்கும் அவ்வாறே. ஒளிர் குழாய் எரிந்துகொண்டிருக்கும்போதே மாதந்தோறும் சிறிது சிறிதாக வலுவிழக்கின்றது. அது அணையும் வரை காத்திருப்பவர் பூவின்றிப் பல மாதங்களைக் கழித்திருப்பார். அதனாற்றான் குழாயின் முனைகள் கறுக்குமுன்பே, நாள்தோறும் எரிவதாயின் ஆண்டுக்கொரு முறை, மாற்றிவிடுவது வளர்ப்போரின் வழக்கம். எல்.ஈ.டி. விளக்கின் ஆயுள் எனப் பெட்டியிற் பொறிக்கப்படுவதும் பெரும்பாலும் அணையும் காலத்தை அன்று; ஒளி நூற்றுக்கு 70 பங்காகக் குறையும் காலத்தையே குறிக்கும். 25,000 மணி என்றிருந்தால், நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி வீதம் ஐந்தரை ஆண்டுக்குச் சற்று மேல்.

எனினும் நாட்காட்டியைவிடச் செடியே தெளிவாகப் பேசும். இலைக்காம்பு நீண்டு மேல்நோக்கி எழுவதும், கணுவுக்குக் கணு இடைவெளி கூடுவதும், தண்டு ஒரு பக்கம் சாய்வதும், இலை பசுமையாக இருந்தும் மொட்டு வராமையும் ஒளிப்பசியின் அடையாளங்கள். நடு இலைகள் நெருங்கிச் சுருண்டு வெளிறினால் ஒளி மிகுந்துவிட்டது என்பது பொருள். புதுவிளக்கு வாங்குமுன் ஒரே ஒரு சட்டியை விளக்குக்கு அரைச்சாண் அருகே உயர்த்தி வைத்து மூன்று கிழமை பார்க்கலாம். அச்சட்டி மட்டும் திருந்தினால் ஒளிக்குறைவே காரணம் என்பது உறுதி. விளக்கைத் தாழ்த்திக் கட்டுவதனாலேயே குறை தீர்ந்துவிடுவதும் உண்டு. அதற்குச் செலவு ஒரு முழக் கயிறு. திருந்தாவிடின் வேரையும் உரத்தையும் பார்க்க வேண்டும். கைத்தொலைபேசியின் ஒளிமானி ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு உதவும். ஆனால் அது மனிதக் கண்ணுக்கேற்ப அளப்பது. ஊதா நிறமாக எரியும் வளர்ப்பு விளக்கின் உண்மை வலுவை அது குறைத்தே காட்டும்.

கூடாரத்தில் பகலொளி போதவில்லை என்று முறையிடுவோர் முதலில் கூரையைப் பார்த்தல் வேண்டும். சில ஆண்டு வெயிலிற் காய்ந்து, பாசியும் தூசியும் படிந்த பொலித்தீன் தாள் தடுக்கும் ஒளியை எந்த விளக்கும் மலிவாக ஈடுசெய்யாது. கழுவுதல், அதனாலும் தெளியாவிடின் தாளை மாற்றுதல், அதன்பின்னரே விளக்கு.

மின்தடையையும் மறத்தலாகாது. 2022 மார்ச் மாத இறுதியில் இலங்கையில் ஒரே நாளிற் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்டது. அத்தகைய காலம் கடந்துவிட்டாலும் மழைக்காலத்தில் மரம் முறிந்து மின்கம்பி அறுவது மலைநாட்டில் இன்றும் நிகழ்வதே. பற்சக்கரத்தால் இயங்கும் நேரமுடுக்கி மின்சாரம் இல்லாதபொழுது நின்றுவிடும். மின்சாரம் மீண்டபின் விட்ட இடத்திலிருந்து ஓடும். ஆறு மணி நேரத் தடைக்குப் பின், இரவு பத்து மணிக்கு எரிய வேண்டிய விளக்கு விடியற்காலை நான்கு மணிக்கே எரியத் தொடங்கும். அதற்குள் செடி நீண்ட இரவொன்றைக் கண்டுவிடும். ஒரிரவு தவறினாற் பெருந்தீங்கில்லை. ஒருவரும் கவனியாமல் ஒரு கிழமை அவ்வாறே கழிந்தால் மொட்டு வந்துவிடும். புதிய குமிழ் வாங்கும்பொழுதே மின்கலம் பொருந்திய நேரமுடுக்கியையும் வாங்கிவிட்டால் தடையின்போதும் அதன் கடிகாரம் நில்லாது ஓடும். அது இல்லாதோர், மின்சாரம் மீண்டவுடன் கூடாரத்துக்குச் சென்று முள்ளைத் திருத்திவிட்டு வரவேண்டும்.